தூய இனக் கோழியா, கலப்புக் கோழியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூய இனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஒரே மாதிரியான சேவலையும் பெட்டையையும் சேர்த்தால் பொரியும் குஞ்சுகள் தாய் தகப்பனைப் போலவே வளர வேண்டும். அந்தக் குஞ்சுகள் பெரிதாகிப் பொரிக்கும் குஞ்சுகளும் அப்படியே வர வேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படி மாறாமல் வருவதுதான் இனம். நாய்க்கும் குதிரைக்கும் உள்ளது போன்ற வம்சாவளிப் பத்திரம் கோழிக்குப் பொதுவாகக் கிடையாது. அதற்குப் பதிலாக, ஒவ்வோர் இனமும் கொண்டையிலிருந்து கால் விரல் வரை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த இன வரையறை இருக்கிறது. பிரிட்டனில் இத்தகைய வரையறை 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் அச்சாகின. ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: கோழி வரையறைக்கு ஒத்துப்போகிறதா, அதன் குஞ்சுகளும் ஒத்துப்போகின்றனவா. முதலாவதை ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். இரண்டாவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பார்த்தே கண்டுபிடித்துவிடலாமா?

கலப்பு என்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். தூயது என்பதை அப்படி அடித்துச் சொல்ல முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பொருந்தாத அடையாளம் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலே கலப்பு என்று முடிவு கட்டப் பெரும்பாலும் போதும். எல்லா அடையாளமும் பொருந்தினாலும் உள்ளே ஒரு பண்பு வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கலாம். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று ஒவ்வொரு பண்பும் இரண்டு பங்காக வருகிறது. அதில் ஓங்கிய பங்கு மற்றதை மறைத்துவிடும். அப்படி மறைந்தது பேரக்குஞ்சில்தான் தலைகாட்டும்.

இன்னொன்றும் உண்டு. எந்த வரலாறும் தெரியாத கோழியைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்ன இனமாக இருக்கும்" என்று படங்களைப் புரட்டினால், ஏதாவது ஒரு படத்தோடு நிறம் ஒத்துப்போகத்தான் செய்யும். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. வரலாறு தெரியாத கோழி கலப்பு என்றே வைத்துக்கொண்டு, அதை மறுக்கச் சான்று கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

கோழியைக் கையில் எடுத்து எந்த வரிசையில் பார்ப்பது?

காலை வெளிச்சத்தில், தீனி வைப்பதற்கு முன்பு பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் வெள்ளைக் காலும் மஞ்சளாகத் தெரியும். கோழியின் நெஞ்சு உங்கள் முன்கையில் படுத்திருக்க, இரு கால்களும் விரலிடுக்கில் பிடிபட்டிருக்கட்டும். இப்படிப் பிடித்தால் அது அடங்கி இருக்கும்.

முதலில் கொண்டையின் வகை. பிறகு கண்ணின் நிறம், காது மடலின் நிறம், அலகு. முகத்தில் தாடி இறகு, தலையில் குடுமி உண்டா என்று பாருங்கள். இறக்கையை விசிறிபோல் முழுதாக விரித்து, மடித்த நிலையில் மறைந்திருக்கும் இறகுகளில் வேற்று நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு இறகை வாயால் ஊதிப் பிரித்தால் தோலின் நிறம் தெரியும். முதுகின் பின்பகுதியில் இறகை விலக்கினால் தோலை ஒட்டிய மென்மையான அடித்தூவி தெரியும், அதன் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் கால்: செதில் நிறம், உள்ளங்கால் நிறம், விரல்களின் எண்ணிக்கை, விரலிடுக்கில் முளை இறகு.

அப்புறம் எடை. ரோட் ஐலண்ட் ரெட் முதிர்ந்த பெட்டை சுமார் 2.9 கிலோ, சேவல் 3.9 கிலோ இருக்க வேண்டும். லெக்ஹார்ன் பெட்டை சுமார் 2 கிலோதான். ஆர்பிங்டன் பெட்டை 3.6 கிலோ, வெளிர் பிரம்மா பெட்டை 4.3 கிலோ வரும். கால் கிலோ முன்பின் இருப்பது சகஜம். ஆனால் "பிரம்மா" என்று சொல்லப்பட்ட 2 வயதுப் பெட்டை, நோய் ஏதும் இல்லாமல் 2.2 கிலோவில் நின்றால் அதன் பெயரைச் சந்தேகிக்கலாம்.

கொண்டை எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

இருக்கிற அடையாளங்களிலேயே மிகவும் பயன்படுவது அதுதான். ரம்பம்போல் பற்களோடு ஒற்றை வரிசையாக நிமிர்ந்திருப்பது ஒற்றைக் கொண்டை. அகலமாகப் படிந்து, மேலே சிறு புள்ளிகள் எழும்பி, பின்னால் ஒரு முனையோடு முடிவது ரோஜாக் கொண்டை. மூன்று தாழ்ந்த வரப்புகள் ஓடுவது பட்டாணிக் கொண்டை. மண்டையில் ஒட்டிய சுருக்கமான சதைக் கட்டி மாதிரி இருப்பது வால்நட் கொண்டை.

ரோஜாவும் பட்டாணியும் தனித்தனியே ஒற்றைக் கொண்டையை மறைக்கும். இரண்டும் ஒரே பறவையில் சேர்ந்தால் வால்நட் வரும். இதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியல் அறிஞர்கள் வில்லியம் பேட்சனும் ரெஜினால்ட் பன்னட்டும் கோழிகளை வைத்தே விளக்கினார்கள். நமக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. வையன்டாட் ரோஜாக் கொண்டை இனம், பிரம்மா பட்டாணிக் கொண்டை இனம். இவ்விரண்டில் எந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தாலும், கோழியின் தலையில் வால்நட் இருந்தால் அது கலப்பு. அசில் இனமும் பட்டாணிக் கொண்டைதான். அதன் தொங்குதாடை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சிறியது. ஒற்றைக் கொண்டையும் தொங்கும் தாடையுமாக ஒரு சேவல் நின்றால், உடம்பு எவ்வளவு திரண்டிருந்தாலும் அதில் வேறு இரத்தம் கலந்திருக்கிறது.

கலப்பை உறுதியாகக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எது?

அரைகுறையாக நிற்கும் பண்புகள். பல பண்புகள் ஒரு பங்கு மட்டும் வந்தால் பாதியளவில்தான் வெளிப்படும். கண் பழகிவிட்டால் இவை தூரத்திலேயே தெரியும்.

கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக் கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கும் உள்ள பறவைக்குக் கழுத்து முழுக்க வெறும் தோல், சூடு பட்டதுபோல் சிவந்திருக்கும். ஒரு பங்கு மட்டும் உள்ளதற்குக் கழுத்தின் முன்புறம், தீனிப்பைக்குச் சற்று மேலே, கைக்குட்டையைச் செருகி வைத்ததுபோல் ஒரு கொத்து இறகு நிற்கும். அந்தக் கொத்தைக் கண்டால் தாயோ தந்தையோ ஒருவர் சாதாரணக் கழுத்துப் பண்பைக் கொடுத்திருக்கிறார் என்று பொருள்.

கால் இறகும் அப்படித்தான். பிரம்மா, கொச்சின் கால்களில் வெளிப்புறம் முழுவதும் இறகு அடர்ந்து நடுவிரல் வரை இறங்கும். வெறுங்கால் இனத்தோடு சேர்ந்த குஞ்சுக்கு, காலின் வெளி ஓரத்தில் மெல்லிய ஒரு வரிசை மட்டும் இருக்கும். சிலதுக்கு இரண்டு மூன்று முளைகள்தான். குடுமியுள்ள போலிஷ் இனத்தின் கலப்புக்கு, கண்ணை மறைக்கும் பந்துக்குப் பதிலாகக் கொண்டைக்குப் பின்னால் ஒரு சிறு குஞ்சம் தொங்கும். பட்டாணிக் கொண்டையும் ஒற்றைக் கொண்டையும் கலந்தால் மூன்று வரப்பு இருக்கும், ஆனால் நடு வரப்பு உயர்ந்து கோணலாகச் சாயும்.

விரல் எண்ணிக்கையையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான இனங்களுக்கு 4 விரல். டார்கிங், ஹூடான், ஃபேவரால், சில்கி, சுல்தான் ஆகியவற்றுக்கு 5. நான்கு விரல் இனம் என்று சொல்லப்பட்ட கோழியின் ஒரு காலில் மட்டும் ஐந்தாவது விரல் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதன் முன்னோரில் இவற்றில் ஒன்று இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கால் நிறத்தில் எங்கே ஏமாறுகிறோம்?

இரண்டு இடத்தில். முதலாவது, முட்டையிடும் பெட்டையின் மஞ்சள் வெளுத்துப்போவது. காலுக்கு நிறம் தரும் மஞ்சள் நிறமி முட்டைக் கருவுக்குப் போய்விடுகிறது. முதலில் மலவாய், அடுத்து கண் வளையம், பிறகு அலகு, கடைசியில் கால் என்று வெளுத்துக்கொண்டே வரும். ஆறு மாதம் விடாமல் முட்டையிட்ட ரோட் ஐலண்ட் ரெட் பெட்டையின் கால் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். அதைக் கண்டு கலப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இறகு உதிர்த்து முட்டை நின்றபின் மஞ்சள் திரும்ப ஏறும். சந்தேகம் இருந்தால் அதே குடும்பத்துச் சேவலின் காலைப் பாருங்கள்.

இரண்டாவது, செதிலை மட்டும் பார்த்து உள்ளங்காலைப் பார்க்காமல் விடுவது. கறுப்பு ஆஸ்ட்ரலார்ப், கறுப்பு ஜெர்ஸி ஜயண்ட் இரண்டும் பளபளக்கும் கரிய கோழிகள், கால்களும் கருமை, இரண்டுக்கும் ஒற்றைக் கொண்டை. காலைத் திருப்பிப் பிடித்து அடிப்பாகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஆஸ்ட்ரலார்ப் உள்ளங்கால் வெண்மை கலந்த இளஞ்சிவப்பு. ஜெர்ஸி ஜயண்டுக்கு மஞ்சள்.

தோலில் வெண்மை ஓங்கியது, மஞ்சள் அடங்கியது. அதனால் மஞ்சள் கால் இனமும் வெள்ளைக் கால் இனமும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் வெள்ளைக் காலாகவே வரும். மஞ்சள் கால் இருக்க வேண்டிய பஃப் பிளைமவுத் ராக், முட்டையிடாத பருவத்திலும் வெள்ளைக் காலோடு நின்றால், பஃப் ஆர்பிங்டனோ வேறு வெள்ளைக் கால் இனமோ இடையில் வந்திருக்கிறது.

சிவப்புக் கோழிகள் எல்லாம் ரோட் ஐலண்ட் ரெட் தானா?

இல்லை. இந்தப் பெயரில் கைமாறும் சிவப்புப் பெட்டைகளில் பல, குஞ்சிலேயே நிறத்தை வைத்து ஆண் பெண் பிரிப்பதற்காக உருவாக்கிய வணிகக் கலப்பினங்கள். ஐஎஸ்ஏ பிரவுன், லோமன் பிரவுன், ஹை-லைன் பிரவுன் எல்லாம் இந்த வகை. பொன்னிறத் தந்தையையும் வெள்ளி நிறத் தாயையும் சேர்த்து, பெண் குஞ்சு பழுப்பாகவும் ஆண் குஞ்சு வெளிறியும் பொரியும்படி செய்திருக்கிறார்கள்.

பிரித்துப் பார்க்க, முதுகு இறகை விலக்கி அடித்தூவியைப் பாருங்கள். ரோட் ஐலண்ட் ரெட்டுக்குத் தோல் வரை சிவப்பு இறங்கும். மேல் நிறம் காய்ந்த இரத்தத்தைப்போல் ஆழ்ந்த கருஞ்சிவப்பு, வால் கறுப்பு, விரித்த இறக்கையிலும் கறுப்பு தெரியும். வணிகக் கலப்பினத்துக்கு மேல் நிறம் செங்கல் பொடி மாதிரி, அடித்தூவி வெள்ளை, வாலிலும் இறக்கையிலும் வெள்ளை இறகுகள் எட்டிப்பார்க்கும். இந்தப் பெட்டைகள் ஆண்டுக்கு 300 முட்டை அளவுக்கு இடக்கூடிய அருமையான கோழிகள். ஆனால் இவற்றைத் தமக்குள் சேர்த்துப் பொரிக்க வைத்தால் குஞ்சுகள் பல நிறத்தில் வரும், நிறத்தால் ஆண் பெண் பிரிக்கவும் முடியாது.

வரிக்கோழிகளை எப்படிப் பிரிப்பது?

வரி போட்ட பிளைமவுத் ராக்குக்கு ஒற்றைக் கொண்டை, மஞ்சள் கால், நேரான கூரிய வரிகள். டொமினிக்குக்கு ரோஜாக் கொண்டை, மஞ்சள் கால், வரிகள் சற்றுக் கலங்கியிருக்கும். குக்கூ மாரன்ஸுக்கு ஒற்றைக் கொண்டை, வெளிர் கால், சாக்லேட் பழுப்பு முட்டை.

தூய வரிச் சேவலுக்கு வரிப் பண்பு இரண்டு பங்கு. பெட்டைக்கு எப்போதும் ஒரு பங்குதான், ஏனென்றால் அந்தப் பண்பு பால் நிறப்புரியில், அதாவது ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் மரபு இழையில் இருக்கிறது. சேவலுக்கு அந்த இழை இரண்டு, பெட்டைக்கு ஒன்று, அதையும் பெட்டை தன் மகன்களுக்கே கொடுக்கும். ஆகவே தூய சேவல் தன் பெட்டைகளைவிட வெளிறித் தெரிய வேண்டும். சேவலும் பெட்டையளவுக்குக் கருத்திருந்தால் அதற்கு ஒரு பங்குதான் வந்திருக்கிறது. ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வரிப் பெட்டையையும் சேர்த்தால் வரும் மகன்கள் இப்படித்தான் இருப்பார்கள். மகள்கள் கறுப்பு, கழுத்திலும் நெஞ்சிலும் பொன் தெளித்ததுபோல் இருக்கும்.

கருந்தோல் இருந்தால் கடக்நாத் அல்லது சில்கி என்று நம்பலாமா?

பெட்டையை வைத்து நம்பக் கூடாது. தோலையும் எலும்புறையையும் கறுப்பாக்கும் பண்பு ஓங்கியது. ஆனால் அதை அடக்கும் இன்னொரு பண்பு பால் நிறப்புரியில் இருக்கிறது, பெரும்பாலான வெளிர்கால் இனங்களில் அது உண்டு. கருந்தோல் சேவலை வெளிர்கால் பெட்டையோடு சேர்த்தால், மகள்களுக்கு அந்த அடக்கும் பண்பு கிடைப்பதில்லை. அதனால் அவை தூய இனம் போலவே கருத்துவிடும். மகன்களுக்குத் தாயிடமிருந்து அது போய்ச்சேரும், ஆகவே சாம்பல் திட்டுகளோடு வெளிறியிருப்பார்கள். கருந்தோல் கோழி வாங்கும்போது அதே ஈட்டில் பொரித்த சேவல்களையும் காட்டச் சொல்லுங்கள். வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள்.

சில்கியில் இன்னொரு வசதி. அதன் பஞ்சு இறகு அடங்கிய பண்பு. சாதாரணக் கோழியோடு சேர்ந்த முதல் தலைமுறைக்கு இறகு கெட்டியாகவே இருக்கும். ஐந்து விரல், சிறு குடுமி, காலில் கொஞ்சம் இறகு, ஆனால் வழவழப்பான சாதாரண இறகு என்றால் அது சில்கியின் மகளாக இருக்கலாம், சில்கி இல்லை.

பச்சை முட்டை இடும் கோழி என்ன இனம்?

பெரும்பாலும் கலப்பு. நீல ஓடு ஓங்கிய பண்பு. அதன்மேல் பழுப்புப் பூச்சு ஏறினால் பச்சை. முட்டையை உடைத்து உள் சவ்வை உரித்துப் பாருங்கள். உள்ளே ஓடு நீலமாக இருக்கும், ஏனென்றால் நீலம் ஓடு முழுக்க ஊறியது, பழுப்பு மேலே மட்டும் பூசியது.

அமெரிக்கானா இனத்தை அமெரிக்க வரையறை 1984இல் ஏற்றது. பட்டாணிக் கொண்டை, தாடி, கன்னத் தூவல், சாம்பல் நீலக் கால், நீல முட்டை, வரையறுத்த சில நிறங்கள். மஞ்சளோ பச்சையோ கலந்த கால் இருந்தாலும், பச்சை முட்டை இட்டாலும், எந்த நிறத்திலும் சேராத கலவை இறகு இருந்தாலும் அது அந்த இனத்தின் கலப்பு வாரிசுதான். அரௌகானாவில் நாட்டுக்கு நாடு வரையறை மாறும்: அமெரிக்காவில் வாலில்லாமல் காதருகே இறகுக் குச்சத்தோடு இருக்க வேண்டும், பிரிட்டனில் வாலும் தாடியும் உள்ளதே வழக்கமான வடிவம். எந்த வரையறையை வைத்துப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தூய இனத்தையே கலப்பு என்று தவறாக ஒதுக்குவது உண்டா?

உண்டு, இது வருத்தமான இழப்பு. ஒற்றைக் கொண்டையின் பக்கவாட்டில் முளைக்கும் கிளைப்பல், வளைந்த விரல், காது மடலில் சிறு வேற்றுநிறத் திட்டு எல்லாம் பெரும்பாலும் குறைகள். போட்டியில் தள்ளுபடி ஆகும், ஆனால் தூய வம்சத்திலும் வரும்.

வையன்டாட் குஞ்சுகளில் அவ்வப்போது ஒற்றைக் கொண்டை வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரோஜாக் கொண்டை இரண்டு பங்கும் உள்ள சேவல்களுக்குக் கருவுறச் செய்யும் திறன் குறைவு. அதனால் ஒரு பங்கு மட்டும் உள்ள சேவல்களே அதிகக் குஞ்சுக்குத் தகப்பனாகின்றன, ஒற்றைக் கொண்டைப் பண்பும் இனத்துக்குள் தங்கிவிடுகிறது.

நிறத்தில் நீலம். நீலச் சேவலும் நீலப் பெட்டையும் சேர்ந்தால் குஞ்சுகளில் சராசரியாகப் பாதி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி வெள்ளையில் தெறித்த நிறம். மூன்றும் தூய குஞ்சுகளே.

குஞ்சிலேயே சொல்லிவிடலாமா?

விரல் எண்ணிக்கை, கால் இறகு, குடுமிப் புடைப்பு, மொட்டைக்கழுத்து ஆகியவை பொரித்த அன்றே தெரியும். கொண்டை வகை ஓரளவு தெரியும். நிறமும் உடல்வாகும் 5, 6 மாதம் வரை மாறிக்கொண்டே இருக்கும். எடையை ஒரு வயதுக்கு முன் ஒப்பிட வேண்டாம். குஞ்சாக வாங்குவதென்றால் குஞ்சைவிடத் தாய் தந்தையைப் பாருங்கள்: தனிக் கூண்டா, எத்தனை சேவல், வேறு இனம் உள்ளே நுழைய வழி உண்டா.

பல நிறங்களில் இருக்கும் மண்ணின் கோழிகள் எல்லாம் கலப்பா?

இல்லை. ஒரு நிலப்பகுதியில் பல நூற்றாண்டுகள் தனித்து வாழ்ந்து, அந்தச் சூழலுக்குப் பழகிய கூட்டமும் ஒரு தனி வகைதான். ஐஸ்லாந்துக் கோழிகள் எல்லா நிறத்திலும், பல கொண்டை வகையிலும் இருக்கும். ஆனால் அவை ஒரே தொன்மையான கூட்டம். இங்கே நிறத்தை வைத்துத் தூய்மை பார்ப்பது தவறு. அந்தக் கூட்டத்துக்குள் வெளிக்கோழி வந்ததா என்பதுதான் கேள்வி.

மறைந்திருக்கும் பண்பைச் சோதிக்க என்ன வழி?

சோதனைச் சேர்க்கை. ரோஜாக் கொண்டைச் சேவலுக்குள் ஒற்றைக் கொண்டை ஒளிந்திருக்கிறதா என்று அறிய, அதை ஒற்றைக் கொண்டைப் பெட்டையோடு சேருங்கள். ஒளிந்திருந்தால் ஒவ்வொரு குஞ்சும் ஒற்றைக் கொண்டையாக வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒன்று வந்தாலே விடை கிடைத்துவிட்டது. 5 குஞ்சும் ரோஜாவாக வந்தால் நீங்கள் ஏமாந்திருக்க 32இல் ஒரு வாய்ப்பு, 7 குஞ்சு என்றால் 128இல் ஒன்று. 7 குஞ்சு வரை பார்ப்பது நல்லது. நீல முட்டை போன்ற தனிப் பண்புக்கு மரபணுச் சோதனை இருக்கிறது. அது அந்தப் பண்பைப் பற்றி மட்டுமே சொல்லும், கோழி தூயதா என்று சொல்லாது.

வேறு சேவலோடு சேர்ந்த தூய பெட்டை கெட்டுப்போய்விடுமா?

போகாது. பெட்டை என்றும் அதே இனம்தான். ஆனால் சேவலின் விந்து பெட்டையின் உள்ளே சிறு குழல்களில் 2 முதல் 3 வாரம் உயிரோடு தங்கும். அடைக்கு முட்டை எடுப்பதற்கு முன் பெட்டைகளைப் பிற சேவல்களிடமிருந்து 4 வாரம் பிரித்து வையுங்கள். புதுச் சேவலை விட்ட மூன்றாம் நாளே கருமுட்டை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கரு எந்தச் சேவலுடையது என்று சொல்ல முடியாது. பெரும்பாலான "தூய" குஞ்சுகளில் கலப்பு நுழைவது இந்த அவசரத்தால்தான்.

கலப்புப் பெட்டையிலிருந்து தூய இனத்துக்குத் திரும்ப முடியுமா?

கிட்டத்தட்ட முடியும். கலப்புப் பெட்டையைத் தூய சேவலோடு சேர்த்து, பிறக்கும் மகள்களில் வரையறைக்கு நெருங்கியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, உறவில்லாத வேறொரு தூய சேவலோடு மறுபடி சேர்க்க வேண்டும். பெட்டையில் அந்த இனம் துளியும் இல்லை என்று கொண்டால், தூய இரத்தம் முதல் தலைமுறையில் பாதி, பிறகு 3/4, 7/8, நான்காவதில் 15/16, ஐந்தாவதில் 31/32 என்று ஏறும். பெட்டை பருவமடைந்து, முட்டையிட்டு, அடுத்த ஈடு பொரிய 7, 8 மாதமாவது ஆகும். ஆகவே ஐந்து தலைமுறைக்கு 3 முதல் 4 ஆண்டு. அடங்கிய பண்புகள் அதற்குப் பிறகும் தலைகாட்டலாம். கடைசித் தலைமுறையைத் தமக்குள் சேர்த்து, குறைந்தது 20 குஞ்சு வளர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் எண் வளையம் போட்டு, எந்தப் பெட்டை, எந்தச் சேவல், பொரித்த தேதி ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். குஞ்சு வளர வளர வளையம் காலை இறுக்கும், வாரம் ஒருமுறையாவது பார்த்து, இறுகுவதற்குள் தளர்த்தி மாற்ற வேண்டும்.